நிலாவில் விடிகிற நேரம்

(தோட்ட வாசிகசாலையில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய பேச்சு)



முதலில் நான் விட்ட பிழையைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை தொலைநோக்கியை நம்ம தோட்டத்துக்குக் கொண்டுவந்தது ஒரு போயா தினத்தில். லீவு நாள், நிலாவும் முழுசாக இருக்கும், ஆட்களும் வருவார்கள் என்று கணக்குப் போட்டேன். ஆட்கள் வந்தார்கள். தொங்கல் லயத்திலிருந்து கூடக் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "கண்ணு கூசுது மாஸ்டர்" என்று ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். ஒரு பெரியவர் மட்டும் நின்று, "இதத்தானே லயத்து வாசல்லருந்து பாக்குறோம், இதுக்கு எதுக்கு இந்தக் குழாய்?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான்.

பௌர்ணமி அன்று சூரிய வெளிச்சம் நிலாவின் முகத்தில் நேராக விழுகிறது. உச்சி வெயிலில் நம்ம மலையைப் பாருங்கள், பள்ளம் மேடு தெரியாமல் ஒரே பச்சையாகக் கிடக்கும். அதே மலையைக் காலையில் பாருங்கள். ஒவ்வொரு கானும், ஒவ்வொரு கல்லும் நிழலோடு தனித்தனியாகத் தெரியும். நிழல் விழுந்தால்தான் மேடு மேடாகத் தெரியும். நிலாவுக்கும் அதே கதைதான். போயா அன்று பார்க்கத் தக்கது, கரிய சமவெளிகளும், டைக்கோ என்ற பள்ளத்திலிருந்து நாலாபக்கமும் ஓடுகிற வெள்ளைக் கோடுகளும்தான். அந்தக் கரிய திட்டுகளில்தான் நம்ம பாட்டி வடை சுடுகிறாள். சிங்கள அயலவர்களுக்கு அங்கே முயல் இருக்கிறது. பழைய ஆட்கள் அவற்றைக் கடல் என்று நினைத்துக் கடல் என்றே பெயரும் வைத்துவிட்டார்கள். தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. எரிமலைக் குழம்பு பரவி இறுகிய தரை அது.

அதனால் இரண்டாம் தடவை அமாவாசை கழிந்து எட்டாம் நாள் வைத்தேன். வேலை நாள். கொழுந்து நிறுத்து, வீட்டுக்குப் போய், அடுப்பு மூட்டி, அதற்குப் பிறகுதான் பெண்கள் வர முடிந்தது. வந்தவர்கள் முப்பது பேர் இருக்கும். அரை நிலா இருட்டும்போதே தலைக்கு நேரே நிற்கும், நடுச்சாமம் போல மேற்கே இறங்கும். ஆகவே அவசரம் இல்லை.

வரிசையில் ஒரு அம்மா, பேத்தியை முன்னால் விட்டுவிட்டுப் பின்னுக்கே நின்றுகொண்டிருந்தார். சின்ன வயதிலேயே பேர் பதிந்து, நாற்பது வருசம் கொழுந்து எடுத்தவர். "நமக்கென்ன வெளங்கப் போவுது, புள்ளைங்க பாக்கட்டும்" என்றார். பேத்தி விடவில்லை, கம்பளியைப் பிடித்து இழுத்துவந்தாள்.

அம்மா கண்ணை எடுக்காமல் வெகுநேரம் பார்த்தார். "வெளிச்சம் முடியுற எடத்துக்கு அந்தாண்ட, இருட்டுக்குள்ள ஒரு பொறி தனியா மின்னுதே" என்றார். நான் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "பெரட்டுக்குப் போவையில மேமலை உச்சியில மட்டும் வெயிலு அடிக்கும், லயம் இருட்டாவே கெடக்கும். அது மாதிரிதானே? அங்க இப்பத்தான் விடியுது போல."

விளக்கம் சொல்வதற்காக ஒரு பந்தும் டோர்ச் லைட்டும் கொண்டுவந்திருந்தேன். இரண்டும் பைக்குள்ளேயே இருந்துவிட்டன.

அம்மா சொன்னதைத்தான் கலிலியோவும் சொன்னார். 1609ஆம் ஆண்டுக் கடைசியில், இத்தாலியிலே பாதுவா நகரத்தில், தானே செய்த தொலைநோக்கியால் நிலாவைப் பார்த்தார். வானத்துப் பொருள் எல்லாம் வழுவழுப்பான உருண்டை, மேடு பள்ளம் கிடையாது என்று படித்தவர்கள் நம்பிய காலம். இருட்டுப் பக்கத்தில் தனியாக மின்னுகிற புள்ளிகளைக் கண்டு, பூமியில் விடியும்போது மலை உச்சிகள் முதலில் ஒளிர்வதைப் போலத்தான் இதுவும் என்று 1610இல் வெளியிட்ட நூலில் எழுதினார். அவருக்குச் சில மாதம் முன்பே இங்கிலாந்தில் தோமஸ் ஹாரியட் என்பவர் தொலைநோக்கியால் பார்த்து நிலாவை வரைந்திருந்தார். ஆனால் அந்தப் படத்தில் மலை இல்லை. கண்ணில் பட்டது, பிடிபடவில்லை. கலிலியோ ஓவியம் பழகியவர், நிழலைப் படிக்கத் தெரிந்தவர். மலையில் விடிவதைத் தினம் பார்த்த நம்ம அம்மாவுக்கு அந்தப் பழக்கமும் தேவைப்படவில்லை என்பது என் எண்ணம்.

அன்று அவர் பார்த்தது அப்பனைன் மலைத்தொடராக இருக்க வேண்டும். அரை நிலா நாளில் அதன் உச்சிகள் இருட்டுக்குள் நீட்டிக்கொண்டு ஒளிரும். மிக உயர்ந்த சிகரங்கள் 5,000 மீட்டருக்குக் கிட்ட. நம்ம பீதுருதாலகால மலை 2,524 மீட்டர்தான்.

பேத்திக்குச் சோறு கொடுத்துவிட்டு அம்மா திரும்பவும் வந்தார். பார்த்தார். "பொறி பெருசாயிருச்சு மாஸ்டர், பக்கத்துல இன்னொண்ணும் வந்திருக்கு." உண்மைதான். விடிகிற கோடு நிலாவின் நடுப்பகுதியில் மணித்தியாலத்துக்குச் சுமார் 15 கிலோமீட்டர் நகர்கிறது, சைக்கிளில் போகிற வேகம். அங்கே ஒரு பகல் நம்ம கணக்கில் ஏறக்குறைய இரண்டு கிழமை. காற்றும் இல்லாததால் விடியற்கால மங்கல் வெளிச்சம் கிடையாது. நிழல் என்றால் கரி போலக் கறுப்பு.

கோட்டின் ஓரத்தில் வரிசையாக மூன்று வட்டப் பள்ளங்கள் தெரியும். விண்கற்கள் மோதிப் பறித்த குழிகள். பெரியதன் பெயர் தொலமி, குறுக்களவு சுமார் 150 கிலோமீட்டர். கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகிற ரோட்டையும் விட நீளம். சில தொலைநோக்கியில் படம் தலைகீழாகத் தெரியும், பயப்பட வேண்டாம்.

தொலைநோக்கிதான் வேண்டும் என்றும் இல்லை. யாரிடமாவது பைனாகுலர் இருந்தால், கை ஆடாமல் தூணில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், பெரிய பள்ளங்கள் தெரியும். ஒன்றை மட்டும் தகப்பன்மார் கவனிக்க வேண்டும்: பகலில் பிள்ளைகள் அதால் சூரியனைப் பார்க்கவே கூடாது. ஒரு நொடியில் கண் போய்விடும்.

மழை மாதங்களில் நமக்கு முகில்தான் மிச்சம். தை, மாசியில் வானம் வெளிக்கும், பனியும் கொட்டும். தை அமாவாசை கழிந்து ஏழாம் நாளும் எட்டாம் நாளும் பிள்ளைமடுவத்துக்கு முன்னால் தொலைநோக்கியை வைப்பேன். கம்பளி கொண்டுவாருங்கள். ஏழாம் நாள் வந்தவர்கள் எட்டாம் நாளும் வந்தால் நல்லது, முதல் நாள் இருட்டாக இருந்த இடத்தில் மறுநாள் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். முதலில் பார்க்கப்போவது அந்த அம்மாதான், அதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.