தர்ம அடியும் சட்டச் சொற்களும்



வழிப்பறி செய்தவனைப் பொதுமக்கள் பிடித்து அடித்த செய்தியில் ‘தர்ம அடி’ என்னும் தொடரை நாம் அடிக்கடி காண்கிறோம். தருமம் என்பதற்கு அறம் என்பதோடு ஈகை என்ற பொருளும் உண்டு. கட்டணமின்றி மருத்துவம் செய்த இடத்தைத் தர்ம ஆஸ்பத்திரி என்றனர் அல்லவா? அதுபோல, வந்தவர் போனவரெல்லாம் இலவசமாகக் கொடுத்த அடி என்ற எள்ளல் இத்தொடரில் இருப்பதாகக் கொள்ளலாம். ஆயினும் கேட்போர் செவியில் அறமும் சேர்ந்தே ஒலிக்கிறது. அடிபட்டவன் குற்றவாளிதானா என்னும் வினாவை அந்த ஒரு சொல்லே அடைத்துவிடுகிறது.

ஆங்கிலச் சட்ட வரலாற்றிலும் இத்தகைய சொற்கள் உள. ‘ஹியூ அண்ட் கிரை’ என்பது இன்று வெறும் ஆரவாரத்தைக் குறிக்கும். முன்னர் அது சட்டக் கடமை. முதலாம் எட்வர்டு மன்னரின் 1285ஆம் ஆண்டு வின்செஸ்டர் சட்டப்படி, கூக்குரல் எழுந்ததும் ஊர்தோறும் மக்கள் கள்வனைத் துரத்த வேண்டும். பிடிக்கத் தவறினால் வட்டாரத்தாரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும். காவல்துறை இல்லாத காலம் அது! ஆனால் பிடிபட்டவனை ஷெரிப் என்னும் அரச அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் அச்சட்டம் மறக்கவில்லை.

‘அவுட்லா’ என்பதைக் கொள்ளைக்காரன் என மொழிபெயர்ப்பது போதாது. மன்றம் பன்முறை அழைத்தும் வாராதவன் சட்டத்தின் காப்புக்குப் புறத்தே தள்ளப்பட்டான், அவனே அவுட்லா. ஓநாய்த் தலையைச் சுமப்பவன் என்றும் அவனைக் குறித்தனர். ஓநாயைக் கொல்ல யாரிடம் இசைவு கேட்பர்? இங்கிலாந்தில் இம்முறை முற்றாக ஒழிந்தது 1938இல்தான்.

‘விஜிலாண்டி’ ஸ்பானியச் சொல். காவலாள் என்பது பொருள். சான் பிரான்சிஸ்கோவில் 1851இலும் 1856இலும் அமைந்த விழிப்புக் குழுக்கள் தாமே விசாரித்து, முறைக்கு நால்வராக எண்மரைத் தூக்கிலிட்டன. கூக்குரல் எழுப்பியோர் சட்டத்திற்குக் கை கொடுத்தனர். இவர்களோ அதன் இருக்கையிலேயே அமர்ந்துகொண்டனர்.

மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, தன் கண்ணெதிரே கடுங்குற்றம் புரிபவனைத் தனியாள் பிடிக்க இடந்தருகிறது. தேவையின்றித் தாமதியாமல் காவலரிடம் ஒப்படைக்கவும் பணிக்கிறது. பிடிக்கும் உரிமை அதில் உண்டு. தண்டிக்கும் உரிமை இல்லை. எனவே, மாணவர்தம் பயிற்சி ஏட்டில் ‘தர்ம அடி’ என்று கண்டால், ‘பொதுமக்கள் தாக்கினர்’ என்று திருத்தித் தருமாறு ஆசிரியர்களை வேண்டுகிறோம்.