பிள்ளைக்கு இட்ட பெயர்

திருச்சிற்றம்பலம்.



இன்று காலை இச்சந்நிதியில் இரண்டு ஆண்மகவுகளுக்குப் பெயர் சூட்டினார்கள். அந்த மங்கல நிகழ்ச்சியையே இன்றைய சிந்தனைக்குப் பொருளாக எடுத்துக்கொள்கிறேன்.

நாள்தோறும் நாவால் அழைக்கும் பெயர்களின் பொருளை நாம் எண்ணிப் பார்க்கிறோமா? சங்கரன் என்றால் நன்மை செய்பவன். 'சம்' என்பதற்கு நன்மை, இன்பம் என்பது பொருள். அருணாசலம் என்பதில் அருணம் செம்மை. அசலம் அசையாதது, அதாவது மலை. சித் என்னும் அறிவும், அம்பரம் என்னும் வெளியும் சேர்ந்தது சிதம்பரம். அம்பலத்தில் வாழ்பவன் அம்பலவாணன். வைத்தியநாதன் என்பது புள்ளிருக்குவேளூரில் நோய் தீர்க்கும் பெருமானின் திருநாமம். திருநாவலூரில் அவதரித்த சுந்தரமூர்த்தி சுவாமிகளுக்குப் பெற்றோர் இட்ட நம்பியாரூரர் என்ற பெயரோ, ஆரூர்ப் பெருமானை நினைந்து இட்டது.

ஆண்டவன் பெயரைப் போலவே அடியார் பெயரையும் இடலாம். அதற்கு வழிகாட்டியவர் திங்களூர் அப்பூதியடிகள். அவர் திருநாவுக்கரசரைக் கண்டதில்லை, கேள்வியுற்றதோடு சரி. ஆயினும் மூத்த மகன் மூத்த திருநாவுக்கரசு, இளைய மகன் இளைய திருநாவுக்கரசு! வீட்டிலுள்ள அளவைகளுக்கும் பசுக்களுக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் அதே பெயர்! அப்பந்தலில் தம் பெயரைக் கண்டுதான் நாவரசர் அவர் மனைக்கு எழுந்தருளினார். விருந்துக்கு வாழைக்குருத்து அரியப் போன மூத்த மகன் அரவு தீண்டி மாண்டான். பதிகம் பாடி அவனை எழுப்பியவர், எவர் பெயரை அவன் தாங்கினானோ அவரே!

இவ்வரலாற்றைப் பல மேடைகளில் சொன்னவன் நான். ஆனால் அதன் உட்பொருள் எனக்கு விளங்கியது, நான் செய்த ஒரு பிழையால்.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் விழாச் சொற்பொழிவு. ஓர் இளைஞர் கைக்குழந்தையோடு வந்து ஆசி வேண்டினார். பெயர் என்ன என்றேன். எந்த மொழியிலும் பொருள் காண இயலாத, ஓசைக்காக வைத்த ஒரு பெயரைச் சொன்னார். "பொருளில்லாத பெயர் நீரில்லாத குடம் அல்லவா?" என்று சபை நடுவே இடித்துரைத்தேன். சபை சிரித்தது. அவர் தலைகுனிந்து நின்றார்.

சொற்பொழிவு முடிந்ததும் குழந்தையின் பாட்டியார் என்னிடம் வந்தார். "ஐயா, பிள்ளையைப் பெற்ற மூன்றாம் நாள் என் மகள் கண்ணை மூடிவிட்டாள். வயிற்றில் சுமந்தபோதே அவள் சொல்லி வைத்த பெயர் அது" என்றார்.

அன்பர்களே, என் நா அடைத்தது. கண்டிராத ஒருவர்மேல் கொண்ட அன்பால் பெயரிட்டவர் அப்பூதியார். இனிக் காணவே முடியாத ஒருத்தியின் அன்பைப் பெயராகக் காத்தவர் இந்த இளைஞர். சொல்லுக்குப் பொருள் தேடிய நான், பெயருக்குள் இருந்த அன்பைப் பார்க்கத் தவறினேன். உடனே அவரைத் தேடிச் சென்று கைகூப்பிப் பிழை பொறுக்க வேண்டினேன்.

அவர் அழுதவாறே, "இன்னொரு பெயரும் நீங்களே இடுங்கள்" என்றார். இரண்டு பெயர் நம் மரபுக்குப் புதிதன்று. திருவெண்காட்டுப் பெருமான் அருளால் பிறந்து, பெற்றோரால் சுவேதவனப்பெருமாள் எனப் பெயர் பெற்ற குழந்தைக்குத்தானே, பரஞ்சோதி முனிவர் மெய்கண்டார் என்று மறுபெயர் இட்டார்? ஆகவே மறுநாள் காலை சந்நிதியில், தாயில்லாத அக்குழந்தையின் செவியில், சிராப்பள்ளியிலே பேறுகாலத்தில் தவித்த பெண்ணுக்குத் தாயாகவே வந்து துணைநின்ற பெருமானின் திருநாமத்தை ஓதினேன்: தாயுமானவன்!

ஆதலால் பெற்றோர்களே, பிள்ளைக்குப் பொருளறிந்து பெயரிடுங்கள், சிவநாமம் இடுங்கள். இட்ட பெயரைச் சிதைக்காமல் வாயார அழையுங்கள். ஆனால் பிறர் பிள்ளையின் பெயரைக் கேட்டு நகைக்காதீர்கள். அதற்குள் எவருடைய அன்பு உறைகிறதோ, இறைவன் ஒருவனே அறிவான்.

திருச்சிற்றம்பலம்.