ஏழு நாள், ஏழு ஷில்லிங்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவையொட்டிக் கொட்டிவாக்கத்தில் ஆற்றப்பெற்ற உரை)



கிழக்கே கடலும் மேற்கே கணினி நிறுவனங்கள் நிறைந்த பழைய மகாபலிபுரம் சாலையும் எல்லையாக அமைந்த இக்கொட்டிவாக்கத்திலிருந்து மேற்படிப்புக்கு அயல்நாடு சென்ற பிள்ளைகள் பலர். விடுமுறை வந்தால் அவர்கள் பக்கத்து நாட்டு நகரம் ஒன்றைப் பார்க்கப் புறப்படுகிறார்கள். போய் இறங்கிய அன்றே கோபுரத்தின் முன் நின்ற படம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. எழுதும் பழக்கம் உள்ளவரானால் சில நாளில் கவிதையும் வருகிறது. அதில் ஆற்றின் பெயர் உண்டு, தெருவின் பெயர் உண்டு, பனியும் உண்டு. வழிகாட்டி நூலில் இல்லாதது எது என்று தேடினால்தான் கிடைப்பதில்லை.

இதே நிலையில் இருந்த ஒரு மாணவர், தாம் கண்ட அயல்நகரைப் பற்றி ஓரிரு பக்கங்களே எழுதினார். ‘சத்திய சோதனை’யில் உள்ள அச்சிறு அத்தியாயத்தை அரசியலுக்காகப் படிப்பவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். எழுதுகிறவர்கள் அப்படித் தாண்டுவதற்கில்லை.

மோகன்தாஸ் காந்தி 1888 செப்டம்பரில் பம்பாயில் கப்பலேறி லண்டன் சென்றார். இன்னர் டெம்பிளில் சட்ட மாணவரானார். அந்நாளைய பாரிஸ்டர் படிப்பு விந்தையானது. ஆண்டுக்கு நான்கு பருவங்கள். ஒரு பருவத்தில் நடைபெறும் சுமார் 24 விருந்துகளுள் ஆறிலேனும் கலந்துகொண்டால் அப்பருவம் நிறைவெய்தியதாகக் கணக்கு. புலால் மறுத்த மாணவருக்கு அவ்விருந்துகளால் என்ன பயன் என்பது வேறு கதை. ஓய்வுக்கு மட்டும் குறைவில்லை.

அப்போது பாரிஸில் உலகக் கண்காட்சி நடந்தது. பிரெஞ்சுப் புரட்சியின் நூற்றாண்டையொட்டி எழுந்தது அது. முழுவதும் இரும்பாலான ஈபெல் கோபுரம் அதற்காகவே கட்டப்பெற்றது. உயரம் ஏறத்தாழ ஆயிரம் அடி. பாரிஸையும் பார்க்கலாம், கண்காட்சியையும் பார்க்கலாம் என்று இருபது வயதை ஒட்டிய அந்த மாணவர் புறப்பட்டார். சைவ உணவு விடுதி ஒன்று அங்கே இருப்பதைக் கேட்டறிந்து அதிலேயே அறை எடுத்தார். தங்கியது ஏழு நாள். நகரின் வரைபடம் ஒன்று, கண்காட்சியின் வரைபடம் ஒன்று. பெரும்பாலும் கால்நடையாகவே சுற்றினார்.

இதை அவர் எழுதியது உடனே அன்று. 1925இன் இறுதியில் ‘நவஜீவன்’ இதழில் சுயசரிதை தொடங்கியபோது முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன. அத்தனை காலம் ஊறிய பிறகு எது எஞ்சியது என்பதே கவனிக்கத்தக்கது. கண்காட்சியைப் பற்றி, அது பெரியது, பலவகைப்பட்டது என்பதற்குமேல் தமக்கு ஒன்றும் நினைவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். எதைப் பார்க்கவென்று போனாரோ அதுவே மறந்து போயிற்று! ஆண்டுகூடச் சரியாக நினைவில்லை. 1890 என்று எழுதுகிறார். கண்காட்சியோ 1889 மே 6ஆம் நாள் தொடங்கி அக்டோபர் 31ஆம் நாள் முடிந்துவிட்டது.

ஆனால் ஏழு ஷில்லிங் மறக்கவில்லை. கோபுரத்தின் முதல் தளத்தில் ஓர் உணவகம் இருந்தது. அத்தனை உயரத்தில் அமர்ந்து பகலுணவு கொண்டேன் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை ஒன்றுக்காகவே அங்கே ஏழு ஷில்லிங்கை வீசியெறிந்ததாகக் குறிக்கிறார். லண்டன் வாழ்க்கையின் ஒரு கட்டத்தில், காலையில் ஓட்ஸ் கஞ்சியும் இரவில் ரொட்டியும் கோக்கோவுமாக நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் உணவை முடித்துக்கொண்டவர் அவர். அக்கணக்கில் அந்த ஒருவேளைச் சாப்பாடு ஐந்தரை நாள் உணவுக்குச் சமம். செலவழித்த ஒவ்வொரு காசையும் படுக்கப் போகுமுன் எழுதிவைத்த மாணவருக்கு அது உறுத்தாமல் இருந்திருக்குமா? இன்றைய பிள்ளை கோபுரத்தின் முன் நின்று எடுக்கும் படத்திற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை, ஆசை ஒன்றே. அந்த ஆசையை மறைக்காமல், விலையையும் சேர்த்து எழுதியதில்தான் காந்தியடிகள் எழுத்தாளராகிறார்.

அடுத்து எஞ்சியவை தேவாலயங்கள். நோத்ர தாமின் கட்டுமானமும் உட்புறச் சிற்பங்களும் அவருக்கு மறக்கவில்லை. அவற்றை வருணிப்பதை விட, உள்ளே நுழைந்தவர்களிடம் தோன்றும் மாற்றத்தைப் பார்க்கிறார். தெருவின் ஆரவாரம் வாசலோடு நின்றுவிடுகிறது. மேரியன்னையின் உருவத்தின் முன் மண்டியிட்ட ஒருவரைக் கடந்து செல்பவரின் நடை தானே அடங்குகிறது. அவர்கள் வணங்கியது வெறும் பளிங்கை அன்று என அம்மாணவருக்குத் தோன்றிய எண்ணம் பின்னர் வளர்ந்துகொண்டே வந்ததாம். கட்டடத்தைக் காண்பது எளிது. அதனுள் புகுந்த மனிதரின் காலடி மெல்ல விழுவதைக் கேட்கத்தான் கவிஞனின் காது வேண்டும்.

கோபுரத்தின்மீது அவர் கூறிய தீர்ப்பை மட்டும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. டால்ஸ்டாயின் கண்டனத்தைத் துணைக்கு அழைத்து, அதில் கலையே இல்லை, அது கண்காட்சியின் விளையாட்டுப் பொம்மை என்கிறார். இப்போது அதனால் என்ன பயனோ தெரியவில்லை என்றும் சொல்கிறார். இருபது ஆண்டுகளுக்கென்று அனுமதி பெற்று எழுந்த அக்கோபுரம் கம்பியில்லாத் தந்திக்குப் பயன்பட்டதால் பிழைத்தது; அவர் எழுதிய காலத்தில் அதன் உச்சியிலிருந்து வானொலி ஒலிபரப்பு நடந்துகொண்டிருந்தது. பொம்மை என்றது ஐம்பத்தாறு வயதின் குரல். இருபது வயதோ அதன்மேல் இரண்டு மூன்று முறை ஏறியது. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்தாரே, அதுதான் நேர்மை.

தமிழில் இவ்வழியில் நினைக்க வேண்டியவர் கோட்டையூர் ஏ.கே. செட்டியார். 1930களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக்கலை பயின்றவர். 1937 அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளின் செல்லும் கப்பலில், காந்தியடிகளின் பிறந்தநாளன்று, அவரைப் பற்றிய ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் இவருக்கு உதித்தது. படம் 1940இல் வெளிவந்தது. பயணநூல்களில் இவர் தம்மை முன்னிறுத்துவதில்லை. ஒருவர் தம் சிறுபிள்ளைத்தனத்தையும் எழுதினார். மற்றவர் தம்மையே ஒதுக்கிக்கொண்டார். இவ்வட்டத்தின் இளங்கவிஞர்கள் எவ்வழியில் போனாலும் குற்றமில்லை. வியந்து நிற்கும் தம் உருவத்தையே நகரம் என்று காட்டும் மூன்றாவது வழிதான் இன்று மலிந்து கிடக்கிறது.

காந்தியடிகள் 1931 டிசம்பரில் மீண்டும் பாரிஸ் வந்தார். வட்டமேசை மாநாடு முடிந்து, லண்டனிலிருந்து ரொமேன் ரோலந்தைக் காண சுவிட்சர்லாந்து செல்லும் வழி அது. இம்முறை அவரை எதிர்கொள்ளக் கூட்டம் காத்திருந்தது, பொதுக்கூட்டத்தில் பேசினார், மறுநாள் ரோலந்தின் ஊரில் இருந்தார். வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, யாரென்று எவரும் திரும்பிப் பாராமல் தெருத்தெருவாக நடக்க அவருக்கு வழியில்லாமல் போயிற்று.