இசைத்தட்டும் இளஞ்செவியும்



பெற்றோர் தம் மக்களுக்கு விட்டுச் செல்லும் செல்வங்கள் எவை என வினவினால் காணி, வீடு, கல்வி எனப் பலரும் விரல் மடித்து எண்ணுவர். அவ்வெண்ணிக்கையிற் சேராத செல்வம் ஒன்றுண்டு. அதுவே சுவையுணர்வு. எதைக் கேட்டால் உள்ளம் நெகிழும், எதைக் கண்டால் கால்கள் தாமாகவே நிற்கும் என்னும் பழக்கம் பெரும்பாலும் இல்லத்திலேயே உருவாகின்றது. ஆயினும், காணியை உறுதி எழுதிக் கொடுப்பது போலச் சுவையை எழுதிக் கொடுத்தல் இயலாது. கொடுப்பவர் விரும்பினால் மட்டும் போதாது; பெறுபவரும் மனமுவந்து பெற வேண்டும். இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டும் வழக்கம் ஒன்று மேனாட்டு இல்லங்கள் பலவற்றில் உண்டு. தாம் போற்றும் பழைய 'றொக்' இசைத்தட்டு ஒன்றைத் தாயோ தந்தையோ சுழலவிட்டு, சிறு பிள்ளைகளையும் அருகிருத்திக் கேட்கும் வழக்கமே அது.

பழம்பொருள் என்று பரணில் ஏற்றப்பட்ட இசைத்தட்டு, இந்நூற்றாண்டில் மீண்டும் கூடத்துக்கு இறங்கி வந்துள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் 2020 ஆம் ஆண்டு இசைத்தட்டு விற்பனையால் வந்த வருமானம் குறுந்தட்டு வருமானத்தை விஞ்சியது. 1986 க்குப் பின்னர் அவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதன்முறையாகும். தொலைபேசியிலே விரல் பட்டவுடன் பாட்டு ஒலிக்கும் இக்காலத்தில், உறையிலிருந்து எடுத்துத் தூசி துடைத்து ஊசி வைத்துக் கேட்கும் இச்சிரமத்தை மக்கள் ஏன் விரும்பி ஏற்கின்றனர்? சிறுவர் கல்வியில் ஈடுபாடுடையோர் ஆராயத்தக்க வினா இது.

முதலில் தட்டின் இயல்பை நோக்குவோம். 78 சுற்றுப் பழந்தட்டுகள் அரக்கினால் ஆனவை. கீழே விழுந்தால் உடைவன. ஒரு பக்கத்தில் நான்கைந்து நிமிடங்களே ஒலிப்பன. 1948 இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு முப்பத்துமூன்றே மூன்றிலொரு முறை சுழலும் வைனில் தட்டை வெளியிட்டது. ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் குறுக்களவுடைய இத்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிட இசை எளிதில் அடங்கும். ஒரு பக்கத்தில் இருக்கும் பள்ளக்கோடு ஒன்றே. விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கிச் சுருண்டு செல்லும் ஒரே கோடு. இருபது நிமிடத்தில் தட்டு ஏறக்குறைய 667 முறை சுழல்கின்றது. அக்கோட்டைச் சுருள் நீக்கி நேராக நீட்டினால் 400 மீற்றருக்கும் மேற்பட்ட நீளம் வரும். தலைமயிரை ஒத்த நுண்மையுடைய அப்பள்ளத்தின் இரு சுவர்களிலும் உள்ள வளைவுகளே ஊசியை அதிரச் செய்து பாட்டாகின்றன.

இதனாலன்றோ இசைத்தட்டு சிறுவர்க்கு உகந்த ஆசிரியன் ஆகின்றது! "பாட்டு எங்கே இருக்கிறது?" என்று ஆறு வயதுப் பிள்ளை கேட்டால், தொலைபேசியைக் காட்டி விடை கூறுதல் கடினம். தட்டையோ வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டலாம். ஒலிபெருக்கியின் ஒலியை முற்றாகக் குறைத்துவிட்டுப் பிள்ளையின் செவியை ஊசியின் அருகே கொண்டு சென்றால், எறும்பின் குரல் போன்ற மெல்லிய ஒலியில் அதே பாட்டு ஊசியிலிருந்தே கேட்கும். 45 சுற்று வேகத்துக்குக் கருவியை மாற்றினால் பாடகரின் குரல் கீச்சிடும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பர். வேகம் மிகுந்தால் சுருதி உயரும் என்னும் பௌதிக உண்மை அச்சிரிப்போடு சிரிப்பாக மனத்திற் பதிந்துவிடும்.

இனி, எத்தட்டைக் கேட்பது? இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து இளைஞர் நால்வர், பீற்றில்ஸ் என்னும் பெயருடையோர், 1967 மே 26 ஆம் நாள் பிரித்தானியாவில் வெளியிட்ட 'சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பான்ட்' என்னும் தொகுப்பை எடுத்துக்கொள்வோம். 1966 ஓகஸ்டில் ஊரூராகச் சென்று பாடுவதை நிறுத்திய அந்நால்வரும், அவ்வாண்டு நவம்பர் முதல் அடுத்த ஆண்டு ஏப்பிரல் வரை இலண்டன் அபி வீதியிலுள்ள ஒலிப்பதிவுக் கூடத்தில் இதனை உருவாக்கினர். நெறிப்படுத்தியவர் ஜோர்ஜ் மார்ட்டின். நான்கு தடங்களே கொண்ட பதிவுக் கருவியில் ஒலியின் மேல் ஒலியாக அடுக்கப்பட்ட பாடல்கள் பதின்மூன்று.

இத்தொகுப்பின் அடிக்கருத்தே சிறுவர்க்கு நெருங்கியது. பாடகர் நால்வரும் தம்மை மறைத்து, இல்லாத ஒரு வாத்தியக் குழுவினராக வேடம் புனைந்து பாடுகின்றனர். போர்வையைத் தோளிற் போட்டு அரசனாகும் விளையாட்டை அறியாத பிள்ளை உண்டோ? அசல் பதிப்பின் உறையினுள்ளே மீசை, பதக்கம், தோட்பட்டி ஆகியன வெட்டியெடுக்கத்தக்கவாறு அச்சிட்ட அட்டை ஒன்றும் வைக்கப்பட்டிருந்தது. பீற்றர் பிளேக், ஜான் ஹாவோர்த் ஆகிய ஓவியர் இருவர் அமைத்த முகப்பிலே ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் உருவங்கள் நெருங்கி நிற்கின்றன. ஐன்ஸ்டைனும் கார்ல் மார்க்சும் லோரல், ஹார்டி என்னும் நகைச்சுவை இணையரும் ஒரே கூட்டத்தில் நிற்பதைக் காணலாம். மகாத்மா காந்தியின் உருவமும் முதலில் அங்கே இருந்தது. இந்தியாவில் மனத்தாங்கல் விளையலாம் எனக் கருதி வெளியீட்டு நிறுவனம் அதனை நீக்கச் செய்தது. "இவர் யார், அவர் யார்?" என்று பிள்ளை விரல் வைத்துக் கேட்கக் கேட்க, உறையே ஒரு பாடநூல் ஆகிவிடும். பாடல்களின் சொற்கள் முழுவதும் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருத்தலின், எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு அது வாசிப்புப் பயிற்சியுமாம்.

பாடல்களுள் ஒன்று 1843 ஆம் ஆண்டின் சர்க்கஸ் விளம்பரத் தாள் ஒன்றிலிருந்து பிறந்தது. ஜோன் லெனன் அதனைப் பழம்பொருட்கடை ஒன்றில் வாங்கினார். அப்பாடலுக்குச் சந்தை மணம் ஊட்டுவதற்காக, இயந்திர ஓர்கன் ஒலிகள் பதிந்த நாடாவைத் துண்டுதுண்டாக வெட்டிக் கலைத்து மீண்டும் ஒட்டினர். வேறொரு பாடலின் முடிவில் விலங்குகள் வரிசையாகக் குரல் கொடுக்கின்றன. முன்னே செல்லும் விலங்கை அஞ்சியோடச் செய்யவோ விழுங்கவோ வல்லது பின்னே வருதல் வேண்டும் என்பது லெனனின் விருப்பம். இவ்வொழுங்கை எந்தப் பிள்ளைக்கும் முன்கூட்டிச் சொல்லலாகாது, அதுவே கண்டுபிடிக்கட்டும். ஜோர்ஜ் ஹரிசனின் பாடலில் தம்பூராவும் தபேலாவும் தில்ரூபாவும் ஒலிக்கின்றன. தம்பூராச் சுருதியிலே வளர்ந்த செவிகளுக்கு இம்மேனாட்டுத் தட்டில் அது உறவினர் குரல் போலக் கேட்கும்.

இறுதிப் பாடல் தனிச் சிறப்புடையது. நாற்பது வாத்தியக்காரர் தாழ்ந்த சுருதியிலிருந்து உச்சிவரை ஏறுகின்றனர். பின்னர்ப் பல பியானோக்களில் ஒருங்கே அழுத்திய ஒரே இசைக்கோவை நாற்பது செக்கனுக்கும் மேலாக மெல்ல மெல்லத் தேய்கின்றது. "ஒலி முற்றாக மறைந்ததும் கையை உயர்த்து" என்று பிள்ளையிடம் கூறிப் பாருங்கள். ஓயாது துள்ளும் பிள்ளையும் மூச்சடக்கி நிற்கும். மௌனத்துக்குச் செவி கொடுத்தல் அடக்குமுறையால் வருவதன்று. இத்தகைய விளையாட்டாலே வருவது.

அசல் பிரித்தானியப் பதிப்பிலே அதற்கப்பாலும் ஒரு வேடிக்கை உண்டு. பாடல் முடிந்தபின் செக்கனுக்கு 15,000 அதிர்வுகள் கொண்ட மிக உயர்ந்த ஒலி ஒன்று சிறிது நேரம் பதிவாகியுள்ளது. நாய்களுக்குக் கேட்கட்டும் என்று வைத்த குறும்பு அது. முதுமை நெருங்க நெருங்க மனிதச் செவி உயர்ந்த ஒலிகளை இழந்துகொண்டே செல்லும். ஆதலின் நல்ல கருவியிலே அவ்வொலி எழும்போது, ஐம்பது வயதுத் தந்தை ஒன்றும் இல்லை என்று இருக்க, ஐந்து வயதுப் பிள்ளை "கேட்கிறது!" என்று கூவக்கூடும். தந்தையின் தட்டிலே தந்தைக்குக் கேளாத ஒலி பிள்ளைக்குக் கேட்கின்றது. பெற்றோர் சிந்திக்க வேண்டிய இடம் இதுவே.

இத்தொகுப்பில் இரு பாடல்கள் பெற்றோர்க்கென்றே அமைந்தன போலத் தோன்றும். ஒன்று, வீட்டைவிட்டு வெளியேறிய பெண் ஒருத்தியைப் பற்றிய பத்திரிகைச் செய்தியைக் கண்டு போல் மக்கார்ட்னி எழுதத் தொடங்கியது. பொருட்குறை ஏதுமின்றி வளர்க்கப்பட்ட மகள் ஏன் சென்றாள் என்று அப்பெற்றோருக்கு விளங்கவில்லை. மற்றொன்று, லெனனின் சிறு மகன் ஜூலியன் பாலர் பாடசாலையிலே தீட்டி வந்த ஓவியத்திலிருந்து பிறந்தது. இது யாது என்று தந்தை வினவ, தன் தோழி லூசி வைரங்களோடு வானில் இருப்பதாகப் பிள்ளை விடை கூறியது. அவ்விடையே பாடலின் தலைப்பாயிற்று. ஒரு வீட்டில் எல்லாம் கொடுத்தனர், கேட்கவில்லை. மற்ற வீட்டில் ஒரு கணம் கேட்டனர், பாடல் பிறந்தது. எனினும் ஒரு கணம் கேட்டமை போதுமா? 1968 இல் ஜூலியனின் பெற்றோர் பிரிந்தனர். துயருற்ற அப்பிள்ளையைத் தேற்ற நினைத்து அவ்வாண்டு 'ஹே ஜூட்' என்ற பாடலை எழுதத் தொடங்கியவர் மக்கார்ட்னியே. புகழ் வாய்ந்த பாடல் ஒன்றைத் தந்த பிள்ளைக்கும் நாள்தோறும் செவி கொடுக்க ஒருவர் தேவைப்பட்டார்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். அக்காலத்து றொக் இசையிற் போதைப் பழக்கத்தின் நிழல் உண்டே. அதனைப் பிள்ளைகளுக்குக் கேட்பிக்கலாமா? நியாயமான கேள்வியே. இத்தொகுப்பின் இறுதிப் பாடலை அக்காரணத்தாலேயே பி.பி.சி. 1967 இல் ஒலிபரப்ப மறுத்தது. எனவே பெற்றோர் தாம் முதலிற் சொற்களை நிதானமாக வாசித்தல் வேண்டும். வயதுக்கேற்ற பாடல்களைத் தெரிதல் வேண்டும். வளர்ந்த பிள்ளை பின்னர் வினவினால் மழுப்பாது விடையளித்தல் வேண்டும். தெரிந்து கொடுத்தல் வேறு, பூட்டி வைத்தல் வேறு.

கேட்பிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். நாற்பது நிமிடமும் கைகட்டி இருக்கச் சொல்வது தண்டனையாகும். ஒரு நாளைக்கு ஒரு பாட்டுப் போதும். பிள்ளை ஆடட்டும், படம் வரையட்டும், இடையில் எழுந்து செல்லட்டும். ஒலியை அளவோடு வைத்தல் இளஞ்செவிக்கு நலம். கை கழுவியபின் தட்டின் விளிம்பைப் பிடிக்கப் பழக்கலாம். தட்டு நின்றிருக்கும்போது ஊசிக் கையைத் தூக்கவும் இறக்கவும் பழக்கலாம். ஒருநாள் கை தவறும், கீறல் விழும். அதன்பின் 1.8 செக்கனுக்கு ஒரு முறை 'டக்' என்னும் ஓசை அப்பாட்டில் என்றும் கேட்கும். அவ்வேளை தந்தையின் வாயிலிருந்து வரும் முதற் சொல்லே, அவ்வில்லத்தில் அருமையானது தட்டா, பிள்ளையா என்பதை அறிவித்துவிடும். வேறு தட்டு வாங்கலாம். சுடுசொல்லின் கீறலுக்கு மாற்றுத் தட்டு இல்லை.

ஈற்றில், பிள்ளை "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று சொல்லுமாயின் அதனையும் ஏற்றல் வேண்டும். அது தோல்வியன்று, தன் செவியால் கேட்கும் ஒருவர் அவ்வில்லத்தில் வளர்கின்றார் என்பதற்குச் சான்று. தட்டின் ஒரு பக்கம் தந்தையின் பாட்டாக இருந்தால், மறு பக்கத்து நேரம் பிள்ளை விரும்பும் பாட்டுக்கு உரியதாகட்டும். அப்பாட்டு எத்துணை எளியதாயினும், தம் பாட்டுக்குப் பிள்ளையிடம் எதிர்பார்த்த அதே கவனத்தோடு பெற்றோர் அமர்ந்து கேட்பாராயின், சுவை என்னும் செல்வம் முறையாகக் கைமாறும். செவி கொடுக்கும் பெற்றோரைக் கண்டே பிள்ளைகள் செவி கொடுக்கக் கற்கின்றனர்.