கம்பிச்சடக்கும் நம் பிள்ளைகளும்



இந்நாட்டின் முதல் ரயில் 1885-ஆம் ஆண்டு தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு, அதாவது இன்றைய கோலா செப்பெத்தாங்கிற்கு, எட்டு மைல் ஓடியது. அன்று தொட்டு கம்பிச்சடக்கில் மண் வெட்டி, சல்லி கொட்டி, சிலிப்பர் கட்டை சுமந்த கைகளில் தமிழர் கைகள் ஏராளம்.

அன்று இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைவெளி ஒரு மீட்டர். நம் பட்டர்வொர்த் நிலையத்தில் இன்றும் அதே ஒரு மீட்டர்தான். ஆனால் மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம்! கோலாலம்பூர் மின்ரயில் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை ஓடுகிறது. வளைவில் வெளிப்பக்கத் தண்டவாளத்தை எவ்வளவு உயர்த்துவது? வெயிலில் இரும்பு எவ்வளவு நீளும்? எல்லாம் கணக்கு, எல்லாம் பௌதிகம்.

மாணவர்களே, ரயில் வேலை என்றால் டிரைவர் மட்டுமில்லை. பாதைக்குச் சிவில் எஞ்சினியர், மின்கம்பிக்கு மின் எஞ்சினியர், சிக்னலுக்கும் பெட்டிக்கும் தொழில்நுட்பர் வேண்டும். பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் பாலிடெக்னிக் இருக்கிறது.

பெற்றோர்களே, "கணக்கு கஷ்டமா இருக்குப்பா, வேற பாடம் எடுத்துக்கிறேன்" என்று பிள்ளை சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். மூன்றாம் படிவத்தோடு அறிவியலை விட்டவர் பிறகு இந்த வாசலுக்குத் திரும்புவது சிரமம். தாத்தா சல்லி கொட்டிய பாதைக்குப் பேரனும் பேத்தியும் திட்டம் வரையட்டும்.