கைப்பேசி சொல்லும் யோசனையும் கழனியில் செய்யும் சோதனையும்

(செங்கல்பட்டு மாவட்டம், திருக்கழுக்குன்றம் வட்டார உழவர் கூட்டத்தில் உழவியல் துறை உதவிப் பேராசிரியர் ஆற்றிய உரை)



பயிரில் ஒரு புள்ளி தென்பட்டால் நம் பிள்ளைகள் உடனே கைப்பேசியில் படம் பிடிக்கிறார்கள். சில நொடிகளில் நோயின் பெயரும் தெளிக்க வேண்டிய மருந்தும் திரையில் வந்துவிடுகின்றன. இவ்வாறு விடை சொல்லும் கணினி முறைக்குச் செயற்கை நுண்ணறிவு என்று பெயர். இதை நம்பி மருந்துக் கடைக்குப் போகலாமா என்று பெரியவர்கள் கேட்கிறீர்கள். அதற்கு விடை சொல்வதே இந்த உரையின் நோக்கம்.

இயந்திரம் கற்கும் விதம்

இந்த முறைக்கு மந்திரம் எதுவும் தெரியாது. குலை நோய் கண்ட இலைகளின் படங்களை ஆயிரக்கணக்கில் காட்டி, இவை குலை நோய் என்று சொல்லித் தருகிறார்கள். பழுதற்ற இலைகளையும் அவ்வாறே காட்டுகிறார்கள். பின்னர் புதிய படம் ஒன்றைக் காட்டினால், தான் பார்த்தவற்றுள் எதனோடு அது அதிகம் ஒத்துப்போகிறது என்று கணக்கிட்டுச் சொல்கிறது. ஆகவே எதைக் காட்டிக் கற்பித்தார்கள் என்பதைப் பொறுத்தே அதன் அறிவு அமைகிறது. நன்மை, தீமை இரண்டுக்கும் வேர் இதுதான்.

நன்மைகள்

ஆந்திராவில் கர்நூல் மாவட்டம், தேவனகொண்டா பகுதியில் 2016ஆம் ஆண்டு ஒரு சோதனை நடந்தது. ஐதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையமும் மைக்ரோசாப்ட் நிறுவனமும் சேர்ந்து, 175 நிலக்கடலை உழவர்களுக்கு விதைப்பு நாளைக் குறுஞ்செய்தியாகத் தெலுங்கில் அனுப்பின. வழக்கமாக ஜூன் முதல் வாரத்தில் விதைப்பவர்களை ஜூன் கடைசி வாரம் வரை பொறுக்கச் சொன்னார்கள். பொறுத்து விதைத்தவர்களுக்குச் சராசரியாக 30 சதவீதம் கூடுதல் மகசூல் கிடைத்தது. அந்தப் பகுதியிலேயே 1986 முதல் 2015 வரை பதிவான 30 ஆண்டு வானிலைக் கணக்கை இயந்திரத்துக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த ஊர்க் கணக்கு தெரிந்ததால் அந்த ஊருக்கு ஏற்ற யோசனை கிடைத்தது.

2025ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை தொடங்கும் காலத்தை இம்முறையில் கணித்து, 13 மாநிலங்களில் 3.8 கோடி உழவர்களுக்கு மத்திய வேளாண் அமைச்சகம் குறுஞ்செய்தி அனுப்பியது. முன்கூட்டியே தொடங்கிய மழை, இடையில் மூன்று வாரம் போல் முன்னேறாமல் நின்றுவிட்டது. அந்த இடைவெளியையும் கணிப்பு முன்னதாகவே காட்டியது. 2022 டிசம்பர் 9ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் நம் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மழையும் காற்றும் வரும் நாளைச் சில நாட்களுக்கு முன்பே அறிந்தால் சம்பா வயலில் வடிகாலைத் திறக்கலாம், உரமிடுவதைத் தள்ளிப்போடலாம்.

பிரதமரின் உழவர் நிதி உதவித் திட்டம் பற்றிய ஐயங்களுக்கு, 2023ஆம் ஆண்டு முதல் 'கிசான் இ-மித்ரா' என்னும் கணினி உதவியாளர் தமிழிலும் விடை சொல்கிறது. எழுதத் தெரியாதவர்களும் பேசியே கேட்கலாம்.

எங்கே தவறுகிறது?

2016ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் 14 பயிர்கள், 26 நோய்கள் தொடர்பான 54,306 இலைப் படங்களைக் கொண்டு ஓர் இயந்திரத்தைப் பழக்கினார்கள். அதே தொகுப்பில் ஒதுக்கி வைத்த படங்களைக் காட்டியபோது 99 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்னது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியபோதோ, சரியான விடைகள் 31 சதவீத அளவுக்கு இறங்கிவிட்டன. பறித்த இலையை ஒரே மாதிரிப் பின்னணியில் வைத்து எடுத்த படங்களில் கற்றது, வெயிலும் நிழலும் சேறும் கலந்த இடத்தில் தடுமாறியது. அதன்பின் இம்முறை பெரிதும் மேம்பட்டிருக்கிறது. ஆனாலும் பழகாத வயலில் தடுமாறும் குணம் முற்றிலும் போய்விடவில்லை.

நம் பகுதிக்கு இதில் தனிக் கவனம் தேவை. கோவளம் முதல் செய்யூர் வரை கடலும், பக்கிங்காம் கால்வாயின் உப்பு நீரும், உப்பளங்களும் பக்கத்தில் இருக்கின்றன. அதிகம் இறைக்கும் கிணறுகளில் கோடையில் உவர் ஏறுகிறது. உவர் நீர் பாய்ந்த நெற்பயிரில் இலை நுனி வெளுத்துக் காய்கிறது. பாக்டீரியா இலைக் கருகல் நோயிலும் நுனியிலிருந்துதான் காய்ச்சல் தொடங்குகிறது. படத்தில் இரண்டும் ஒன்று போலத் தெரியலாம். கிணற்று நீரைக் கைப்பேசி சுவைத்துப் பார்க்க முடியாதல்லவா? உவரை நோய் என்று எண்ணி மருந்தடித்தால் பணம் போகும். உப்பு அப்படியே இருக்கும். மாறாக, நோயைச் சத்துக் குறை என்று எண்ணி யூரியா இட்டால் நோய் இன்னும் வேகமாகப் பரவும்.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. புதிதாக நோய் கண்ட இலையில், மஞ்சளும் பச்சையும் சேரும் இடத்தில் விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் இடுங்கள். பத்து நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற கசிவு இறங்கினால் அது பாக்டீரியா நோய். கசிவு இல்லாமல், பயிர் திட்டுத் திட்டாகக் குன்றி, மண் மேல் வெள்ளைப் பூப்புத் தெரிந்தால் உவர் என்று ஐயப்பட வேண்டும். மண்ணையும் பாசன நீரையும் ஆய்வுக்கு அனுப்புங்கள். மண்ணின் உவர்நிலை 3 டெசிசைமனைத் தாண்டினால் நெல் மகசூல் குறையத் தொடங்கும். அத்தகைய நிலத்துக்கு நல்ல நீர் பாய்ச்சி வடித்தலும், கோ 43 போன்ற உவர் தாங்கும் இரகமும் உதவும்.

புகையானும் அப்படித்தான். மேலிலையைப் படம் பிடித்தால் மஞ்சள் மட்டுமே தெரியும். பூச்சி தூரடியில் இருக்கிறது. குனிந்து குத்தைத் தட்டிப் பாருங்கள். தூருக்கு ஒரு பூச்சிக்கு மேல் இருந்தால்தான் மருந்து தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். அவசரப்பட்டுச் செயற்கைப் பைரித்திராய்டு மருந்துகளை அடித்தால் சிலந்திகள் மடிந்து புகையான் பெருகும்.

பேச்சு இயந்திரங்களில் இன்னொரு குறை உண்டு. விடை தெரியாதபோதும் தயங்காமல், நன்கு தெரிந்தது போலவே மருந்தின் அளவைச் சொல்லக்கூடும். அவை பழைய நூல்களையும் படித்தவை. எழுபது, எண்பதுகளில் பல பயிர்களுக்கும் பரிந்துரைக்கப்பட்ட எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு மே மாதம் தடை செய்துவிட்டது. பழைய ஏட்டிலிருந்து எடுத்த பரிந்துரை இன்றைய வயலுக்குப் பொருந்தாது. மேலும், யோசனை சொல்லும் செயலியே மருந்தும் விற்குமானால், அதன் பேச்சைச் சற்று நிறுத்துக் கேட்க வேண்டும்.

வீட்டிலும் எச்சரிக்கை

ஒருவரின் குரலைச் சிறிது நேரம் பதிவு செய்தால், அதே குரலில் இயந்திரத்தைப் பேச வைக்க முடிகிறது. மகன் குரலில், "விபத்து, உடனே பணம் அனுப்புங்கள்" என்று அழைப்பு வந்தால் பதற வேண்டாம். அழைப்பைத் துண்டித்து, மகனின் வழக்கமான எண்ணுக்கு நீங்களே பேசிப் பாருங்கள். உதவித் தொகை வந்திருக்கிறது என்று வரும் இணைப்புகளைத் தொட வேண்டாம். கடவு எண்ணை யாரிடமும் சொல்ல வேண்டாம். ஏமாந்துவிட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

கைக்கொள்ள வேண்டியவை

1. இலையை மட்டும் படம் பிடிக்காமல், முழுச் செடி, தூர், வயலின் தோற்றம் மூன்றையும் எடுங்கள்.

2. யோசனை கேட்கும்போது இரகம், பயிரின் வயது, இட்ட உரம், பாசனம் ஏரியா கிணறா என்பதையும் சொல்லுங்கள்.

3. ஒரே கேள்வியை இரண்டு முறை கேளுங்கள். விடை மாறினால் அதை நம்பி மருந்து வாங்க வேண்டாம்.

4. தெளிக்கும் முன் வேளாண்மை உதவி அலுவலரையோ, உழவர் அழைப்பு மையத்தையோ (1800-180-1551) கேட்டு உறுதி செய்யுங்கள். மருந்துச் சீட்டில் அச்சிட்ட அளவை மீற வேண்டாம்.

5. விதைத்த நாள், பெய்த மழை, வந்த நோய், கிணற்று நீரின் தன்மை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள்.

ஐந்தாவதை மட்டும் மீண்டும் வற்புறுத்துகிறேன். தேவனகொண்டாவில் பலன் தந்தது 30 ஆண்டுக் குறிப்பு. நம் கடலோர மண்ணைப் பற்றிய குறிப்பு நம்மிடம் இருந்தால், நாளை வரும் இயந்திரமும் நமக்கு ஏற்ற யோசனையைச் சொல்லும். அதுவரை கைப்பேசியின் யோசனையைக் காது கொடுத்துக் கேட்போம். மருந்து வாங்கும் முன் வரப்பில் இறங்கி ஒருமுறை பார்த்துவிடுவோம். சம்பா நன்கு விளைய வாழ்த்தி விடைபெறுகிறேன்.