வண்டி கிளம்பாத காலைப் பொழுது
(ஜொகூர், குளுவாங் வட்டாரக் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வழக்கமாக நாம் சம்பளம், வீடு, மருத்துவ வசதி ஆகியவற்றைப் பற்றிப் பேசவே கூடுகிறோம். இன்று மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிலர் சிரித்தீர்கள். சிரிக்க வேண்டாம். இதுவும் சம்பளத்தைப் பற்றிய பேச்சுதான்.

முன்னாளில் லயத்திலிருந்து இறங்கி நடந்தால் பிரட்டுக் களம் வந்துவிடும். வாளியும் உளியும் தோளில் இருந்தால் போதும். இன்று அப்படியா? ஜொகூரில் எத்தனையோ ரப்பர்க் காடுகள் செம்பனைக் காடுகளாகிவிட்டன. எத்தனையோ காடுகள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்கள் பல இடிந்தன. நம்மில் பலர் தாமான் வீடுகளிலிருந்து ஐந்து கட்டை, பத்துக் கட்டை தூரம் இருட்டிலேயே வண்டியோட்டி வேலைக்கு வருகிறோம். வண்டி கிளம்பினால்தான் உலை கொதிக்கும்.

விடியுமுன் ஏன் போகவேண்டும் என்பது மரம் வெட்டும் கைகளுக்குத் தெரியாததல்ல. குளிர்ந்த வேளையில் மரத்தின் பட்டைக்குள் நீரழுத்தம் நிறைந்திருக்கும். பால் தாராளமாக வடியும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்கும், அழுத்தம் குறையும், பாலும் குறையும். ஒரு மணி நேரம் பிந்தினால் பிரட்டில் பெயர் போவது மட்டுமல்ல, மங்கில் விழும் பாலும் போகிறது.

நாம் 'கப்சாய்' என்று அழைக்கும் இந்தச் சின்ன வண்டிக்கு மூலம் ஜப்பானில் 1958-ஆம் ஆண்டு ஹோண்டா வெளியிட்ட சூப்பர் கப் வண்டியாகும். பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ அவர்கள் அதனை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். 2017-ஆம் ஆண்டில் உலகெங்கும் செய்யப்பட்ட சூப்பர் கப் வகை வண்டிகளின் தொகை 10 கோடியைத் தாண்டியது. ஏழை எளியவனும் ஓட்டவேண்டும், ஊருக்குள்ளேயே பழுது பார்க்கவேண்டும் என்று செய்யப்பட்ட வண்டி அது. அதன் பரம்பரையில் வந்த வண்டிக்கு முன்னே நாம் கைகட்டி நிற்பானேன்?

சென்ற மழைக்காலத்தில் நடந்ததைச் சொல்கிறோம். நம் கிளைத் தோழர் ஒருவரின் வண்டி காலை ஐந்து மணிக்குக் கிளம்பவில்லை. உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்தது. பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். இன்ஜினைப் பிரிக்கவேண்டும், 300 வெள்ளி ஆகும் என்றார்கள். 2025-ஆம் ஆண்டில் சட்டம் குறித்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதை 26 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 65 வெள்ளி சொச்சம். அப்படியானால் 300 வெள்ளி என்பது நாலரை நாள் உழைப்பு! தோழர் கையில் பணமில்லாததால் வண்டியை வீட்டுக்கே தள்ளிவந்தார். இரண்டு நாள் வேலை போயிற்று. மூன்றாம் நாள் நாங்கள் போய்ப் பார்த்தோம். பிளக்கின் தலையில் மாட்டும் தொப்பிக்குள் ஈரமும் பச்சைக் களிம்பும் இருந்தன. ஒயரின் நுனியைச் சிறிது வெட்டி, தொப்பியைத் துடைத்து, திருகி மாட்டினோம். மூன்றாவது உதையில் வண்டி கிளம்பியது. செலவு ஒரு காசும் இல்லை. தெரியாமையின் விலை 300 வெள்ளியாக இருந்திருக்கும்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். ஆகவே முறைப்படி பார்ப்போம். இன்ஜினுக்கு வேண்டியவை நான்கே: பெட்ரோல், காற்று, தீப்பொறி, உள்ளே அழுத்தம். நான்கில் எது இல்லை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

முதலாவது, கண்ணால் பாருங்கள். தொட்டியில் பெட்ரோல் உண்டா? குழாய்த் திருப்பி இருக்கும் பழைய வண்டியில் அது திறந்திருக்கிறதா? சாவி சரியாகத் திரும்பியிருக்கிறதா? குளிர்ந்த காலையில் சோக்கைப் போட்டீர்களா? பெட்ரோல் மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போய், பிறகு வண்டி கிளம்பினால், மூடியிலுள்ள சிறு துளை அடைத்திருக்கிறது என்று பொருள். தொட்டியில் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்க ஒருநாளும் தீக்குச்சி கொளுத்தாதீர்கள். தலையில் கட்டும் விளக்கு நம் எல்லோரிடமும் இருக்கிறது.

இரண்டாவது, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது நமக்குச் சாட்சி சொல்லும். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறியில்தான் குறை. அல்லது அளவுக்கு மீறி உதைத்து பெட்ரோல் நிரம்பிவிட்டது. காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. கரி படிந்திருந்தால் காற்றுக் குறைவு. காற்று வடிகட்டியைத் தட்டித் தூசி போக்குங்கள். பிளக்கைத் துடைத்து, அதன் இரு முனைகளுக்கும் நடுவே 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். நம் பழைய சின்ன வண்டிகள் பலவற்றுக்கு அதுவே அளவு.

மூன்றாவது, பொறியைச் சோதியுங்கள். பிளக்கைத் தொப்பியில் மாட்டி, அதன் இரும்புடலை இன்ஜினின் வெற்று உலோகத்தில் நன்றாக ஒட்ட வைத்து உதைக்கவேண்டும். நீலப்பொறி பளிச்சென்று தெறித்தால் நலம். மங்கிய மஞ்சள் பொறியோ, பொறியே இல்லாமையோ கண்டால் தொப்பி, ஒயர், பிளக் ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். பிளக் கழற்றிய துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும். பொறியை அதற்கு எட்டிய இடத்தில் வைத்துப் பிடித்தால் தீப்பற்றும். சிந்திய பெட்ரோலைத் துடைத்துவிட்டே சோதிக்கவேண்டும். மேலும், பிளக்கை எதிலும் ஒட்டாமல் தொங்கவிட்டு உதைத்தால் பொறிக்கருவி கெட்டுப்போகக்கூடும்.

நான்காவது, பெட்ரோலின் வழி. கார்புரேட்டரின் அடியிலுள்ள சிறு கிண்ணத்தில் வடிக்கும் திருகு ஒன்று உண்டு. அதைத் தளர்த்தி, கண்ணாடிக் குவளையில் வடித்துப் பாருங்கள். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது. அடியில் தங்கி நிற்கும். தண்ணீர் தெரிந்தால் சுத்தமான பெட்ரோல் வரும்வரை வடியுங்கள். ஒன்றுமே வடியாவிட்டால் குழாயோ ஊசித்துளையோ அடைத்திருக்கும். பால் வடியும் தகட்டில் கட்டிப்பால் அடைத்தால் மங்கு நிறையுமா? அதுபோலத்தான் இதுவும்.

பெட்ரோல் நிரம்பி மூச்சுத் திணறும் வண்டிக்கு வேறு வைத்தியம். சாவியை அணைத்து, பிளக்கைக் கழற்றி, சோக்கை எடுத்து, கைப்பிடியை முழுக்க முறுக்கிப் பத்துமுறை உதையுங்கள். உள்ளிருப்பது வெளியேறும். பிறகு காய்ந்த பிளக்கை மாட்டுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் உதை எதிர்ப்பில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கினால், உள்ளே அழுத்தம் இல்லை என்று அறியலாம். அது வால்வு அல்லது வளையத்தின் குறை. பட்டறைக்குப் போகவேண்டியதுதான். இப்போது நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு போகவில்லை. எது நல்லது, எது கெட்டது என்று சொல்லிக்கொண்டு போகிறீர்கள்.

புதிய வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோலை மின்சாரப் பம்பு பீய்ச்சுகிறது. சாவியைத் திருப்பியதும் பம்பின் மெல்லிய இரைச்சல் ஓரிரு நொடி கேட்கவேண்டும். கேட்காவிட்டால் முதலில் பேட்டரியையும் பியூசையும் பாருங்கள். எச்சரிக்கை விளக்கு சிமிட்டினால் எத்தனைமுறை சிமிட்டுகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். நோயின் பெயரை அந்த எண்ணிக்கை சொல்லும்.

நம் தொழிலுக்கே உரிய பகை ஒன்றும் உண்டு. பால் உறையாமலிருக்கக் கலக்கும் அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். உறையவைக்கும் பார்மிக் அமிலம் இரும்பை அரிக்கும். இவற்றை வண்டியில் கொண்டுபோனால் மூடியை இறுக்குங்கள். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

வெள்ளத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கலாகாது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமட் வட்டாரங்கள் பட்ட பாட்டை ஜொகூர் மறக்கவில்லை. 2023 மார்ச்சில் யோங் பெங், பத்து பகாட் பகுதிகள் மூழ்கி, மாநிலத்தில் 40,000 பேருக்கு மேல் வீட்டைவிட்டு வெளியேறினர். நீரில் மூழ்கிய வண்டியை உடனே கிளப்ப முயல்வதே பெருந்தவறு. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. உள்ளே தண்ணீர் இருக்கையில் கிளப்ப முயன்றால் பிஸ்டனின் தண்டு வளையக்கூடும். முதலில் பிளக்கைக் கழற்றி மெதுவாக உதைத்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். இன்ஜின் எண்ணெயைப் பாருங்கள். அது ரப்பர்ப் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றி, சிறிது நேரம் ஓட்டி, மறுபடியும் மாற்றுங்கள். இரண்டு முறை எண்ணெய் வாங்கும் செலவு ஓர் இன்ஜினைக் காப்பாற்றும்.

கடைசியாக ஒன்று. வண்டி நின்றுவிட்டால் இருட்டில் நடுச்சாலையில் நின்று உதைக்காதீர்கள். இந்நாட்டுச் சாலைகளில் மடிகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. ஓரத்துக்குத் தள்ளி, விளக்கைக் காட்டி நில்லுங்கள். வீட்டுக்கும் வேலைக்கும் இடையே, வழி மாறாமல் செல்லும்போது விபத்து நேர்ந்தால், 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி சொக்சோவில் உரிமை உண்டு. நேரம், இடம், வழி ஆகியவற்றை அன்றே காரியாலயத்தில் பதிவு செய்யுங்கள். கிராணித் தோழர்கள் அந்தப் பதிவில் உதவவேண்டும். ஒரு வரி விட்டுப்போனால் ஒரு குடும்பத்தின் உரிமை போய்விடும்.

ஆகவே நாங்கள் கேட்பது பெரிதல்ல. ஒவ்வொரு டிவிஷனிலும் ஒரு பொதுப்பெட்டி இருக்கட்டும். பிளக் சாவி, இரண்டு பிளக், திருப்புளி, உப்புத்தாள், துணி, கைவிளக்கு ஆகியவை அதில் போதும். எண்ணெயும் பிளக்கும் மாற்றிய நாளைக் குறிக்க ஒரு நோட்டும் இருக்கட்டும். கற்றவர் இருவர் கல்லாத இருவருக்குச் சொல்லித்தரட்டும். பெண் தோழர்களும் கட்டாயம் கற்கவேண்டும்; அவர்களும் அதே இருட்டில்தான் வருகிறார்கள்.

வழியில் ஒரு வண்டி நின்றிருக்கக் கண்டால் கடந்து போகாதீர்கள். இறங்குங்கள், ஐந்து நிமிடம் பாருங்கள். இன்று அவருடைய நாட்கூலி காக்கப்பட்டால், நாளை உங்களுடையது காக்கப்படும். சங்கம் என்பதற்கு இதைவிட எளிய பொருள் எங்களுக்குத் தெரியவில்லை.